பென்னாகரம் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த அண்ணன்

கல்யாணமாகி எட்டாம் நாள் நாங்கள் ஒகேனக்கல்லுக்குப் போனோம். எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் கணக்கு வாத்தியார். அவருடைய தலைமையாசிரியர் தெரிந்தவர்களிடம் சொல்லி, அருவிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை பிடித்துக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தபடி வந்தார்.

காட்பாடியில் ரயிலேறி மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு பஸ். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக இன்னொன்று. அவ்வளவு தூரத்துக்கும் அவர் என்னிடம் சொன்னது "ஏறு", "இறங்கு", "பெட்டி பத்திரம்" என்பதுதான். நாலு பேர் எதிரில் பெண்டாட்டியோடு பேச அவருக்குக் கூச்சம். நடந்தாலும் பத்தடி முன்னால்தான் நடப்பார். மொரப்பூர் பிளாட்பாரத்தில் வேண்டுமென்றே நான் வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து நின்றேன். வெளிவாசலில் டிக்கெட்டைத் திரும்ப வாங்குபவர் "இன்னொரு ஆள் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு என் ஞாபகம் வந்தது.

அந்தக் கடுப்போடுதான் கடைசி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பெண்களுக்கு முன்பக்கம். அவர் பின்னால் தகரப் பெட்டியோடு நின்றார். பென்னாகரத்தில் சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்பிய ஓர் அம்மாள், கொய்யாப்பழக் கூடையோடு என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே என் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டாள்.

"புதுப் பொண்ணா கண்ணு?"

"ஆமாங்க. எட்டு நாளாச்சு."

"பொட்டியோட நிக்கறாரே, அவரு யாரு?"

ஒரு வாரமாக ஊரே என்னைப் புதுப் பொண்ணு, புதுப் பொண்ணு என்று கிண்டல் செய்து முடித்திருந்தது. இன்னொரு தடவை தாங்காது. "எங்க அண்ணன்" என்றேன்.

"அப்ப வூட்டுக்காரரு?"

"மிலிட்டரியில இருக்காருங்க. தந்தி வந்துச்சுன்னு மூணாம் நாளே கெளம்பிட்டாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மாள் கண்கலங்கி "எங்க கண்ணு?" என்று கேட்டதும் காஷ்மீரும் பனியும் தானாக வந்தன. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையிலேயே நல்ல பழமாகப் பார்த்து என் கையில் வைத்தாள். பிறகு திரும்பி, பஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரி என் கதையைச் சொன்னாள். மோட்டார் இரைச்சலில் பின்வரிசைக்குப் பாதிதான் எட்டியிருக்க வேண்டும். ஒரு பெரியவர் எழுந்து என் கணவருக்கு இடம் கொடுத்தார்.

"உக்காருங்க தம்பி. பொம்பளப் புள்ளய இப்படிக் கூட்டிக்கிட்டு வந்து பாத்துக்க யாருக்குங்க மனசு வரும்?"

என் கணவர் பூரித்துப்போனார். "அது என் கடமைங்க" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மலைப்பாதையில் இறங்கி பஸ் நின்றதும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாள் என் பையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்கே தங்குகிறோம் என்று கேட்டாள். என் கணவர் விடுதியின் பெயரைச் சொன்னார்.

"அட, அங்கதாங்க எங்கூட்டுக்காரரு வாட்ச்மேன்!"

வழியெல்லாம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவளோ காஷ்மீரில் கம்பளி கொடுப்பார்களா என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். கணவர் வழக்கம்போல் பத்தடி முன்னால்.

வாட்ச்மேன் கடிதத்தை வாங்கிப் பார்த்து ஒரே ஒரு சாவியை எடுத்தார். அவர் மனைவி குறுக்கே வந்தாள்.

"அண்ணங்காரருக்கு வராண்டாவுல கட்டிலப் போடு. பொண்ணு எங்கூடப் படுத்துக்கட்டும்."

"யாருக்கு யாரு அண்ணன்?" என்றார் என் கணவர்.

இனி மறைக்க வழியில்லை. "இவருதாங்க எங்க வூட்டுக்காரரு. பஸ்ஸுல சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றேன். கணவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அந்த அம்மாள் நம்பவே இல்லை.

"அங்க ஒருத்தன் பனியில கெடக்கறான். இங்க எவங்கூடவோ ஓடியாந்துட்டு வெளையாட்டா?"

பையைக் கீழே வைத்துவிட்டு அவரை விசாரிக்கத் தொடங்கினாள்.

"பொண்ணுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

"நாலு... இல்லீங்க, அஞ்சு."

"நெத்தியில தழும்பு எப்பிடி வந்துச்சு?"

"தழும்பா?" அவர் குனிந்து என் நெற்றியைப் பார்த்தார்.

"என்ன கொழம்பு புடிக்கும்?"

"சாம்பார்" என்றார் தைரியமாக. சாம்பார் அவருக்குத்தான் பிடிக்கும். எனக்கு அந்த வாசனையே ஆகாது.

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். "கூடப் பொறந்தவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். ஆசப்பட்டுக் கூட்டியாந்தவனா இருந்தாலும் தெரிஞ்சிருக்கும். ஒண்ணுமே தெரியல பாரு, இவரு கட்டுனவருதான். சாவியக் குடுய்யா!"

அறைக்குள் போனதும் அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "மிலிட்டரியில என்ன உத்தியோகம்னு சொன்னே?" என்று கேட்டார்.

"சுபேதார்."

"பரவாயில்லை" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

சாயங்காலம் ஆற்றங்கரையில் என் பக்கத்திலேயே நடந்தார். உடன்பிறந்தவர்கள், படித்த பள்ளிக்கூடம், பிடித்த பலகாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிக்கு உண்மையைச் சொன்னேன்.