பால் சொசைட்டியில் வாங்கிய பதில்கள்

எழுபத்தொன்றில் நடந்த வங்கதேசப் போர் முடிந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். மதுரையில் எம்.ஏ. உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஐந்தாவதோடு நின்று பட்டாளத்துக்குப் போய், அந்தப் போரையும் பார்த்துத் திரும்பியவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் மன அழுத்தம் பற்றி எங்கள் பேராசிரியர் ஆராய்ச்சி செய்தார். அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர்கள் அதிகம் என்பதால் கேள்வித்தாள்களை என்னிடம் கொடுத்து அனுப்பினார். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்கவேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

கல்யாணமாகாத பெண் ஓர் ஆம்பளையோடு தனியாக உட்கார்ந்து பேச எங்கள் ஊர் விடுமா? பால் சொசைட்டிக் கட்டடத்தில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். நானும் சரி என்றேன்.

தூக்கம் கெடுகிறதா, திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு பதறுகிறதா என்று கேட்டேன். முதல் ஆள் மீசையைத் தடவிக்கொண்டு இல்லை என்றார். அதற்குப் பிறகு எவர் வாயிலிருந்து ஆமாம் வரும்? வரிசையாக இல்லை, இல்லை. கடைசியில் என் அண்ணன். அவரும் இல்லை என்றார்.

பக்கத்திலிருந்தவர், “மாப்ளைக்கு ஒரே பயம் பொண்டாட்டிதான். அதையும் எழுதிக்க தாயி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே மதினி கேட்டார்: “ஏத்தா, அவரு எதுக்கு வருசாவருசம் ஜல்லிக்கட்டு அன்னைக்கு ஒத்தக்கடைக்கு ஓடிப் போறாருன்னு எழுதுனியா?”

ஒத்தக்கடையில்தான் மதினியின் அம்மா வீடு. பட்டாளத்துக்குப் போகுமுன் வாடிவாசலில் மாடு பிடித்தவர் அண்ணன். மாமியார் வீட்டுக் கறிச்சோற்றுக்கு அலைகிறார் என்று ஊரே கேலி பேசும், நானும் பேசியிருக்கிறேன். மதினி சொல்லித்தான் தெரிந்தது: ஜல்லிக்கட்டில் போடும் அதிர்வேட்டுச் சத்தம் கேட்டால் அவர் காதைப் பொத்திக்கொண்டு தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துவிடுவாராம். எழுந்தபின் மதினியின் முகத்தைப் பார்க்கமாட்டாராம்.

அதை அண்ணனின் தாளுக்குப் பின்னால் எழுதி, கேள்வி கேட்ட விதமே தப்பு, மறுபடி போகிறேன், வீட்டுப் பெண்களிடமும் கேட்கிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து நான் எழுதியதைக் குறுக்கே அடித்தார். பதில் சொல்லவேண்டியவர் சிப்பாய், அவர் மனைவி இல்லை என்றார்.

“உங்க ஊர்க்காரங்க தைரியசாலிங்கம்மா. பெருமைப்படு. அறிக்கையில உன் பேரும் வருது.”

என் பெயர் அச்சில் வருவதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

“என் பேரை எடுத்திருங்க சார்” என்றேன். “கேட்டவ தப்பாக் கேட்டுட்டான்னு போடுங்க.”

பெயரை எடுப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அந்த இல்லைகளை மட்டும் ஒன்றுவிடாமல் கூட்டி, எங்கள் பக்கத்துச் சிப்பாய்களுக்குப் போர் ஒரு பாதிப்பும் செய்யவில்லை என்று அச்சடித்தார்.

அந்த வருஷப் பொங்கலுக்கும் அண்ணன் மஞ்சள்பையோடு பஸ் ஏறினார். டீக்கடையில் வழக்கம்போல் கறிச்சோறு என்று எவரோ ஆரம்பித்தார். நான் அந்த ஆளையே முறைத்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் மானம் போகும். சொல்லாததால் அந்த அறிக்கை ஜெயித்தது.