சாட்சி நேரம்

அன்று எங்கள் கள்ளக்குறிச்சி சபையில் ஆராதனை உச்சத்தில் இருந்தது. எல்லோரும் கண்ணை மூடி, கைகளை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தபோது என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

வாசலில் சபையை நடத்தும் பெரியவரான மூப்பரின் கார் நின்றது. முன்வரிசையில் இருந்த அவரிடம் ஓடி, "ஆஸ்பத்திரிக்குப் போவணும் ஐயா" என்று கதறினேன்.

"ஆராதனய கலைக்காதீங்க சிஸ்டர். முழங்கால் போடுங்க, கர்த்தர் பாத்துக்குவாரு" என்று மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார். உயர்ந்த கைகளில் ஒன்றுகூட இறங்கவில்லை.

என் அலறலைக் கேட்டு, தெருவில் நின்ற ஆட்டோக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு உள்ளே ஓடிவந்தார். "இன்னாக்கா பாத்துக்கினு நிக்கற? காலப் புடி!" என்று என் கணவரைத் தூக்கினார்.

கணவர் பிழைத்து வீடு திரும்பிய பின் வந்த ஞாயிறு, கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்ல மைக்கை வாங்கினேன். மூப்பர் அல்லேலூயா சொல்லத் தயாராகப் புன்னகைத்தார்.

"கர்த்தர் எங்களுக்கு ஒதவி அனுப்பினாரு. இங்க இத்தினி பேர் இருந்தும் தெருவுலேர்ந்துதான் அனுப்பினாரு. காரு வச்சிருந்த மூப்பரு கண்ண மூடிக்கினாரு."

அல்லேலூயா வரவில்லை. அவர் முகம் கறுத்ததைப் பார்க்க, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் குளிர்ந்தது.

மன்னித்துவிடு என்கிறார்கள். இன்னும் முடியவில்லை. வாராவாரம் அவர் கண்ணில் படும்படிதான் உட்காருகிறேன். கைகளை உயர்த்துகிறேன், கண்ணை மட்டும் மூடுவதில்லை. ஒருநாள் அவரே சரிந்தால், முதலில் ஓடித் தூக்குவது நானாக இருக்க வேண்டும். அப்படிப் பழி தீர்க்காமல் விடமாட்டேன்.