செந்தாடி செத்த பாகமும் திரும்பி வந்த பாகமும்

அந்தப் புத்தகங்களைத் திறந்தால் பஞ்சர் ஒட்டுகிற சொலுஷன் வாசனைதான் முதலில் வரும். ஏனென்றால் அவற்றை நான் படித்தது வீட்டிலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை. திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டு ஓரமாக என் ஏழுமலை மாமா வைத்திருந்த பஞ்சர் கடையில், படுக்கப் போட்ட லாரி டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, அவர் கேட்க உரக்கப் படித்தேன். மாமா அம்மாவின் தம்பி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். படிப்பதை நிறுத்தும்போதெல்லாம் "எங்க வுட்டோம்" என்பது மறந்துபோகாமல் இருக்க, கறுத்த கட்டைவிரலைப் பக்கத்தின் மேல் அழுத்தி அடையாளம் வைப்பார். அதனால் ஐந்து பாகங்களிலும் கதை முழுக்க அவர் ரேகை இருந்தது.

தொடரின் பெயர் "கொண்டைக்கோட்டைப் போர்கள்". ஒரு பாறைக் கோட்டையைப் பிடித்து வைத்திருக்கிற காட்டுக்கோழிகளுக்கும், அதைப் பறிக்க வருகிற காட்டுப்பூனைப் படைக்கும் நடக்கிற சண்டைதான் கதை. கோழிகளின் தளபதி செந்தாடி, பூனைகளின் தலைவன் சாம்பல்வரியன். டெங்கு வந்து விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது, விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பா, பஸ் ஸ்டாண்டு கடை ஒன்றில் முதல் பாகத்தை வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போவதாக டாக்டர் சொன்ன நாட்களில் நான் சாம்பல்வரியனின் படை கோட்டை வாசலில் குஞ்சுகளைக் கிழித்துப் போட்ட இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வலி தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பிடித்திருந்தது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக எனக்கு அந்தத் தொடரைப் பற்றி இருந்த அபிப்பிராயங்களில் பாதி இன்றும் மாறவில்லை. ரத்தம் வராத அத்தியாயங்களை நான் மதிக்க மாட்டேன். நாலாம் பாகம் சுத்த அறுவை. முழுக்க ஆந்தைகள் சபை கூட்டிப் பேசிக்கொண்டே இருக்கும். கரும்பொட்டு என்ற ஒற்றுக்கோழி, ராத்திரியில் பூனைகளின் குகைக்குள் புகுந்து தூங்குகிற பூனையின் கண்ணைக் கொத்திவிட்டு வருகிறவள், தொடரிலேயே அறிவுள்ள ஒரே ஆள். அவளை அந்த எழுத்தாளர் மூன்றாம் பாகத்திலேயே முட்டை மேல் உட்கார வைத்துவிட்டார். அதற்காக அவரை நான் மன்னித்ததே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த மிருகங்கள் கொல்வதற்கு முன் பேசின. ஒரு கழுத்தைக் கடிக்க சாம்பல்வரியனுக்கு அரைப் பக்க வசனம் தேவைப்பட்டது. எங்கள் தெரு நாய்கள் ஆட்டுக்குட்டியை இழுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன், எந்த நாயும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமாவுக்கு அந்த இடங்கள்தான் உயிர். "பேசாம கொன்னா அது திருட்டுத்தனம் பாப்பா. சொல்லிட்டுக் கொன்னாத்தான் சண்டை" என்பார். கடப்பாரையால் லாரி டயரை நெம்பிக்கொண்டே, கதை நின்றால் போதும், தலையைத் தூக்காமல் "அப்பால?" என்று கேட்பார். கடைக்கு வந்தவர்கள் வண்டியோடு வெயிலில் நிற்பார்கள், மாமா கண்டுகொள்ள மாட்டார். "ஜல்தி ஒட்டிக் குடுங்க, ஆபீசுக்குப் போகணும்" என்று யாராவது கத்தினால், "தோ, சண்ட முடிஞ்சிடும்" என்பார்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஒரு சேவல் தருவதாக அம்மா அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் மாசி அமாவாசைக்கு "மயானக் கொள்ளை" நடக்கும். அம்மன் வேஷம் கட்டியவர் அருள் வந்து ஆடிக்கொண்டே சுடுகாட்டுக்குப் போவார், நேர்ந்துகொண்டவர்கள் நீட்டுகிற கோழியை உயிரோடு கழுத்தில் கடித்து ரத்தம் குடிப்பார். எங்கள் தெருக் கோயிலுக்கு வருஷா வருஷம் அந்த வேஷம் கட்டியது ஏழுமலை மாமா. இது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம்தான், அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

நான் வீடு திரும்பியதும் அம்மா ஒரு குஞ்சை வாங்கி விட்டாள். "சாமிக்கு வுட்டது" என்பதால் அதை யாரும் அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அதற்குப் பதில் இன்னொன்றைத் தரவும் கூடாது. கேட்பாரில்லாமல் வளர்ந்த அது, தெருவிலேயே பெரிய ரவுடியாக ஆனது. எதிர்வீட்டுச் சேவலின் ஒரு கண்ணைக் கொத்திக் குருடாக்கியது. சோற்றுத் தட்டில் வாய் வைக்க வந்த பூனையை ஓடு மேல் ஏறும்வரை விரட்டியது. என் கெண்டைக்காலில் அதன் கால்முள் கிழித்த தழும்பு இன்றும் இருக்கிறது. தாடி ரத்தச் சிவப்பாகத் தொங்கியதும் நான் அதற்குச் செந்தாடி என்று பெயர் வைத்துவிட்டேன். அம்மா பதறிப்போனாள். "நேந்து வுட்டதுக்குப் பேர் வெக்காதடி. பேர் வெச்சா அது வூட்டு உசுரு ஆயிடும்" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் மறுநாளே மாமாவும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

தினமும் நான் படிக்கிற நேரத்துக்குச் செந்தாடியும் கடைக்கு வந்துவிடும். மாமா மடியில் எப்போதும் வறுத்த "மல்லாட்டை", அதாவது வேர்க்கடலை, வைத்திருப்பார். ஒருமுறை ஜாக்கி நழுவி விழுந்ததில் அவருடைய இடது கால் கட்டைவிரல் நசுங்கி, நகம் கறுத்து மேடாக வளர்ந்திருந்தது. பசித்தால் செந்தாடி நேராகப் போய் அந்த நகத்தை ஒரு கொத்துக் கொத்தும். "இருடா தளபதி" என்று சிரித்துக்கொண்டே மாமா நாலு கடலை போடுவார்.

ஒரு தைப் பொங்கலுக்கு ஐந்தாம் பாகம் வந்தது. அதில் செந்தாடி செத்துப்போகும். அருவிப் பாறையில் சாம்பல்வரியன் அதை வளைத்துவிட, ஒரு இறக்கை போய், ஒரு கண் போய், அப்படியும் விடாமல் பூனையின் இரண்டு கண்களையும் தோண்டி எடுத்த பிறகுதான் கழுத்துக் கடிபட்டு விழும். படித்து முடித்தபோது மாமா கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"அப்பால?" என்றார்.

"அவ்ளோதான் மாமா. செத்துப்போச்சு."

"இல்ல பாப்பா. அடுத்ததுல வந்துடும் பாரு. வராம இன்னா பண்ணுவாரு."

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. எழுதியவரிடம் செந்தாடியைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லும்படி புத்தகக் கடைக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று அப்பாவைப் பேஜாரு பண்ணினேன். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போதுதான், பின்னாலேயே நடந்து வந்த நிஜச் செந்தாடியைப் பார்த்து நான் விரல்விட்டு நாள் எண்ணினேன். மாசி பிறக்க நாள் அதிகம் இல்லை.

மறுநாள் மாமாவிடம் நேராகவே கேட்டேன். "மாமா, நம்ம செந்தாடியை நீ கடிப்பியா?"

அவர் போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். "கடிக்கிறது நான் இல்ல பாப்பா. அவ."

"அப்போ அவகிட்ட வேணாம்னு சொல்லு."

"உன் உசுருக்குப் பேசினது. நான் எப்பிடிச் சொல்றது" என்றார். அன்று கதை படிக்கவில்லை.

சிவராத்திரிக்கு மறுநாள், அமாவாசையன்று மத்தியானம் பம்பையும் உடுக்கையும் தெருவையே இடித்துக்கொண்டு வந்தன. மாமாவை அடையாளம் தெரியவில்லை. பச்சை பூசிய முகம், சிவப்புச் சேலை, இடுப்பு வரை சவுரி முடி, கையில் சூலம். வழியெல்லாம் மற்றவர்கள் நீட்டிய கோழிகளைக் கடித்துக் கடித்து மோவாய் ஏற்கெனவே நனைந்திருந்தது. ஏரிக்கரை மயானத்தின் முகப்பில், வாழைநாரால் கால் கட்டிய செந்தாடியை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா நின்றாள். நான் அவள் முந்தானைக்குக் கீழே கையை விட்டு முடிச்சை அவிழ்த்தேன். அது போதும் என்று நினைத்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு இருந்தது. கண்ணைத் தோண்டுகிற சேவல், முகத்தில் இரண்டு கிழி கிழித்துவிட்டுத் தோப்புக்குள் ஓடிவிடும், யாராலும் பிடிக்க முடியாது.

அம்மா கையிலிருந்து திமிறி அது கீழே குதித்தது. கூட்டம் "ஓ" என்று கூச்சலிட்டது. சுற்றிலும் மேளம், கால்கள், புழுதி. ஒரு நிமிஷம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு ஓடியது. மஞ்சள் பூசிச் சலங்கை கட்டிய அந்தக் காலுக்குப் பக்கத்தில் போய் நின்று, கறுத்த கட்டைவிரல் நகத்தை ஒரு கொத்துக் கொத்தியது.

ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தார். அந்தப் பார்வை மாமாவுடையதுதான், அம்மனுடையது அல்ல. யார் என்ன சொன்னாலும் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கிக் கழுத்தைக் கடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எலும்பு நொறுங்கிய சத்தம் மேளத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. இறக்கைகள் அவர் கன்னத்தில் அடித்து அடித்துப் பச்சைச் சாயத்தை அழித்தன, அதற்குள் ரத்தம் வந்து மூடிக்கொண்டது. தலை வேறாக உடல் வேறாக அவர் வீசிய பிறகும், தலையில்லாத உடல் என் பக்கமாக வந்து விழுந்து புழுதியில் உதைத்துக்கொண்டே கிடந்தது. அம்மா அந்த ரத்தத்தை விரலால் தொட்டு என் நெற்றியில் வைத்தாள். சூடாக இருந்தது.

அப்புறம் பல நாள் நான் கடைப் பக்கம் போகவில்லை. மாமாவும் கூப்பிடவில்லை. கோடை விடுமுறையில் ஆறாம் பாகம் வந்ததும், "மாமன் கேட்டுக்கினே இருக்கறான், போய்ப் படிச்சிக் காட்டிட்டு வா" என்று அம்மாதான் துரத்தினாள். டயரில் உட்காராமல் நின்றுகொண்டே படித்தேன். அதில் ஏதோ ஒரு வேரை அரைத்துப் பூசியதும் செந்தாடி உயிரோடு எழுந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் கண் போய்க் கிடக்கிற சாம்பல்வரியனைத் தேடிப் போகிறது. கொல்லத்தான் போகிறது என்று பார்த்தால், மன்னித்துவிட்டது, இரண்டும் ஒரே ஆற்றில் தண்ணீர் குடித்தன என்று கதை முடிகிறது.

மாமா முகமெல்லாம் கண்ணீரோடு சிரித்தார். "பாத்தியா, வந்துடுச்சி. மன்னிச்சிடுச்சி பாரு பாப்பா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி வர வேண்டும் என்று அழுத நானேதான், வந்ததைப் பார்த்துக் காறித் துப்பலாம் போல ஆனேன். "வராது மாமா. கழுத்து போனா வராது" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் அந்தப் புத்தகத்தை வீசினேன். அவர் தடுக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தபடி நின்றார். அதற்குப் பிறகு அவருக்கு நான் எதையும் படித்துக் காட்டியதில்லை.

இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன். முதல் ஐந்து பாகங்களையும் ஒரு புயல் மழை வீட்டுக்குள் புகுந்து கூழாக்கிவிட்டது. பதிப்பகத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். பழைய புத்தகக் கடைகளில் கேட்டால் அப்படி ஒரு தொடர் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. பஞ்சர் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை, கிணற்றைத் தூர்த்து வண்டி நிறுத்துகிறார்கள். மயானக் கொள்ளை இன்னும் நடக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் இப்போது வேஷம் கட்டுகிறவர், கோழியின் கழுத்தை உதட்டருகே கொண்டுபோய், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

இந்த மாசியில் மாமாவைப் பார்க்கப் போனேன். சர்க்கரை வியாதியில் கண் மங்கிவிட்டது, பல் ஒன்றுகூட இல்லை. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் பம்பைச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"பாப்பா, அந்த ஆறாவது புக்கு எங்கயாச்சும் கெடைக்குமா?" என்றார்.

"கெடைக்காது மாமா."

"அப்போ வாயால சொல்லு."

அதை நான் ஒரே ஒருமுறைதான் படித்திருந்தேன், அதுவும் வெறுப்போடு. ஆனாலும் ஒரு வரிகூட மறக்கவில்லை. வேர் அரைத்ததைச் சொன்னேன், செந்தாடி கண் திறந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "அப்பால?" என்றார். ஆற்றங்கரையில் குருட்டுச் சாம்பல்வரியன் படுத்திருக்க, எதிரே வந்து செந்தாடி நின்றது என்பது வரை புத்தகத்தில் உள்ளபடிதான் சொன்னேன். அதற்கு மேல் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. செந்தாடி பூனையின் முன்னங்கால் நகத்தை ஒரு கொத்துக் கொத்தியது, யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியட்டும் என்பதற்காக. பிறகு எம்பிப் பறந்து முகத்தில் விழுந்து, தாடையைக் கிழித்து, கழுத்தைக் கடித்த ஒவ்வொரு பல்லையும் வேரோடு கொத்தி எடுத்து ஆற்றில் போட்டது என்றேன்.

மாமா வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். "புக்குல அப்பிடி இல்லியே பாப்பா" என்றார் மெதுவாக.

"இல்ல மாமா. ஆனா அப்பிடித்தான் இருந்திருக்கணும்."

அவர் இடது காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பம்பைச் சத்தம் ஏரிப் பக்கம் போய்த் தேய்ந்தது. பிறகு அந்தக் காலை மறுபடி வெளியே நீட்டி, கறுத்த நகம் தெரிய என் முன்னால் வைத்தார்.

"அப்பால?" என்றார்.