வாசல் நிலையில் கட்டிய புதுக்கதிர்

அப்பாவை வழியனுப்பிய அன்று கொத்தமங்கலத்து அத்தை இருந்தார். அறுப்பு மிசினை வயலிலேயே நிறுத்திவிட்டு வந்த மணி அண்ணன் இருந்தார். தெருவே இருந்தது. அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. போனில் பார்த்து அழுதான். பந்தலின் ஓரத்தில் சென்னைக்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள்: எங்கள் வயலுக்கு முன்னால் நிலம் வாங்கித் தோட்டவீடு கட்டிய சுமதி அக்காவும் அவர் கணவர் ரகு சாரும். அவர்களைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அப்பா இளையாத்தங்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை மாடு ஓட்டிப் போகும்போது வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. பிறத்தியார் நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுது, பிறகு சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கினார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த நெல்தான். வயலுக்குப் போகும் வண்டிப்பாதை மட்டும் எங்களுடையதல்ல; முன்னால் இருந்த ஆச்சி வீட்டு நிலத்தின் ஓரமாகப் போவது. அதற்குப் பத்திரம் கிடையாது. ஒவ்வொரு தையிலும் அறுப்புக்கு முன் முதல் கதிரைக் கொத்தாக அறுத்து, மஞ்சள் துணி சுற்றி, பாதை விட்ட அந்த வீட்டு நிலைப்படியில் அப்பா கட்டிவிட்டு வருவார். பத்திரத்துக்குப் பதில் அதுதான்.

ஆச்சி நிலத்தை விற்ற பிறகு வந்த தையில், அந்தக் கொத்தைப் புதியவர்களின் வாசலில் கட்டினார். அன்று அவர்கள் ஊரில் இல்லை. மறுநாள் வந்தார்கள். வந்த கையோடு பாதையின் குறுக்கே முள்கம்பி இழுத்துவிட்டார்கள். நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வானம் வேறு கறுத்திருந்தது. மிசின் உள்ளே போக வேறு வழியில்லை. அந்த வெள்ளாமை போனால் வீட்டுக்குச் சோறும் இல்லை, என் கடைசி வருடப் படிப்பும் இல்லை.

"கம்பிய வெட்டிட்டு மிசின விடுறேண்ணே, என்ன செஞ்சுருவாக?" என்றார் மணி அண்ணன். தாலுகா ஆபீசில் மனு கொடுக்கலாம் என்றேன் நான்.

"மனுவக் குடுத்துட்டு நாளைக்கு அவுக மூஞ்சில எப்புடிடா முழிக்கிறது? சட்டைய எடு" என்று அப்பா கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். தோட்டவீட்டுப் படியருகில் நின்று அப்பாதான் கேட்டார்.

"ஏந்தாயி, நாங்க எதுவும் தப்புப் பண்ணிட்டமா?"

"ஏன் கேக்க மாட்டீங்க? வாசல்ல சூனியம் வச்சிட்டு!" என்றார் சுமதி அக்கா.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அட ஆத்தி! அது புதுக்கதிரு தாயி. பாதை விட்ட வீட்டுக்கு மொதக் கதிரு. சூனியம் வக்கிறவன் நல்ல நெல்லையா வீணாக்குவான்?"

ரகு சார் முகம் சுண்டிவிட்டது. "ஐயா, அதை நான் கொளுத்திட்டேனே."

அப்பாவின் சிரிப்பு நின்றது. நெல்லைக் காலால் மிதித்தாலே தொட்டுக் கும்பிடுகிறவர் அவர். வேட்டியைத் தட்டிவிட்டுப் படியிலிருந்து எழுந்தார். பிறகு, "போகட்டும். வயல்ல இன்னும் நிக்கிதுல்ல. கம்பிய அவுத்தீகன்னா வேற கொண்டாறேன்" என்றார்.

அன்று மாலையே மிசின் உள்ளே போனது. நெல் வீடு வந்த மறுநாள் மழை கொட்டியது.

அதன் பிறகும் சண்டை இல்லாமல் இல்லை. விடியற்காலை டிராக்டர் சத்தத்துக்கு அவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டு விருந்தாளிகள் செருப்போடு வரப்பை மிதித்தால் அப்பா கத்துவார். ஆனால் முள்கம்பி இருந்த இடத்தில் அவர்கள் ஓர் இரும்புக் கதவு போட்டார்கள். சென்ற ஆண்டு அறுப்பின்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் உட்கார்ந்தார். ரகு சாரின் கார் அந்தக் கதவு வழியாகத்தான் களத்துமேடு வரை வந்தது. காரைக்குடி ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வாரம் அப்பா எங்களோடு இருந்தார், தம்பியோடும் போனில் பேசினார். அந்த ஒரு வாரத்துக்காக அவர்களுக்கும், மருத்துவர்களுக்கும், எங்களை விட்டு நகராத அத்தைக்கும், மீதி அறுப்பை முடித்துக் கொடுத்த மணி அண்ணனுக்கும், அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருவுக்கும் நானும் தம்பியும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தத் தையில் கதிர்க்கொத்தைக் கட்ட நான் போனேன். சுமதி அக்கா நிலையில் ஆணி அடித்து வைத்திருந்தார்.

கதவுச் செலவில் பாதியைத் தர அப்பா எவ்வளவோ மன்றாடியும் அவர்கள் வாங்கவில்லை. அவர் கேட்டதற்காகக் கணக்கை மட்டும் சொன்னார்கள்: இரும்பு, வெல்டிங், பெயிண்ட், ஆள்கூலி. பூட்டு வாங்கவில்லை. மொத்தம் பதினோராயிரத்து இருநூறு ரூபாய்.