விடை தெரிந்த கேள்விகள்

கன்டெய்னர் யார்டில் அவளுக்கு ஆன்டெனா அக்கா என்று பேர். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான்.

ராட்சதக் கிரேன்களை இப்போதெல்லாம் யாரும் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுவதில்லை. கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் சாய்ந்தபடி நெம்புகோலைத் தள்ளினால் போதும், கட்டளை காற்று வழியாகப் போய் கிரேன் நகரும். சொல்லச் சுலபம். நடுவில் இரும்புப் பெட்டிகள் மலை மலையாக நிற்கின்றனவே! சிக்னல் ஒன்றில் முட்டி, இன்னொன்றில் திரும்பி, நாலு வழியாக வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். போதாக்குறைக்குப் பக்கத்து யார்டின் ரேடியோ வேறு அழையா விருந்தாளியாக உள்ளே புகும். நேராகக் கிளம்பியது கோணல்மாணலாகத்தான் போய்ச் சேரும்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. கட்டளைகளுக்கு இடையிடையே, இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரிந்த ஒரு வரியை அனுப்புவார்கள். அதற்கு பைலட் என்று பேர். தெரிந்த வரி எப்படிக் கோணி வந்திருக்கிறது என்று பார்த்தால், காற்று என்ன சேட்டை செய்கிறது என்பது பிடிபட்டுவிடும். அந்தக் கோணலை நிமிர்த்துகிற விதத்திலேயே தெரியாத கட்டளையையும் நிமிர்த்திவிடலாம். பெட்டிகள் இடம் மாறினால் கணக்கும் மாறும், மறுபடி பைலட் அனுப்ப வேண்டும். யார்டின் சிக்னலைக் கவனிக்கிற இந்த வேலையில் அவள் பலே கெட்டிக்காரி. பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான்.

பேச்சில் மட்டும் மகா கஞ்சம். அதற்கும் சேர்த்துப் பேச அவள் புருஷன் இருந்தார். செருப்புக்கடையில் விற்பனையாளர். ஒரு ஜோடி வாங்க வந்தவர் இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு, தன் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் போவார். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. அவள் ‘உம்’ கொட்டிக்கொண்டே துணி மடிப்பாள். அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் அவர் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, கால் மெல்ல மெல்லத் திரும்பியது, புத்திக்கு ஒரு குறையும் இல்லை. நாக்குதான் சொன்னபடி கேட்கவில்லை. சொல்லெல்லாம் ஊறவைத்த காகிதம்போலக் குழைந்து வந்தது.

“அவருக்கு எல்லாம் புரியுதும்மா. அவர் சொல்றதுதான் நமக்குப் புரியல,” என்றார் டாக்டர். “பேச வெச்சுக்கிட்டே இருங்க. சலிச்சுப்போய் வாயை மூடிட்டார்னா, அப்புறம் திறக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம்.”

ஒத்தாசைக்கு நாத்தனார் வந்தாள். தங்கமான மனுஷி. ஆனால் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். “என்னண்ணே, தண்ணியா? போர்வையா? டிவி சத்தம் பத்தலையா?” என்று மூன்றையும் செய்து முடிப்பாள். அவர் தலையில் அடித்துக்கொள்வார். “தலைவலியாம் அண்ணி!” என்று தைலம் எடுக்க ஓடுவாள். சிரிப்பதா அழுவதா என்று இவளுக்குத் தெரியாது.

ஆன்டெனா அக்காவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. டிவியை அணைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, தனக்கு விடை தெரிந்த கேள்விகளாகக் கேட்டாள். இன்று என்ன கிழமை, ஜன்னலில் என்ன நிறத் திரை, இது என்ன பழம். வர வேண்டிய சொல் தெரியும் என்பதால் வந்த சொல்லோடு ஒத்துப் பார்த்தாள். எந்த எழுத்து வழுக்குகிறது, எந்தச் சொல்லின் வால் விழுங்கப்படுகிறது என்று புரிபட்டது. சாயங்காலம் அவர் களைத்துப்போனால் கோணலே வேறு மாதிரி. அப்போது மறுபடி கேட்டாள்.

பலித்தது! ஒரு மத்தியானம், யாரும் கேட்காமலே அவர் ஏதோ சொன்னார். அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அவர் குழந்தையைப்போலக் கை தட்டினார். அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை.

பலித்ததுதான் வினையாகப் போயிற்று. காப்பி கொடுத்தால் ஒரு கேள்வி, சட்டை மாட்டினால் ஒரு கேள்வி. அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், “இருங்க, முதல்ல இது என்னன்னு சொல்லுங்க” என்று சீப்பைக் காட்டினாள். அவர் சீப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. டாக்டர் எச்சரித்தது அவளுக்கு நினைவு வந்தது.

அந்த வாரம் யார்டிலும் தலைவலி. பக்கத்து யார்டில் புது ரேடியோ மாட்டியிருந்தார்கள், ஒரே இரைச்சல். பயந்துபோய் அவள் பைலட்டைக் கூட்டி வைத்தாள், மேலும் கூட்டினாள். கிரேன் ஓட்டுகிறவர் போன் செய்தார்.

“அக்கா, உங்க திரையில எல்லாம் பச்சையா இருக்குமே?”

“ஆமா, சுத்தமா இருக்கு.”

“சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் நெம்புகோலைத் தள்ளிட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்தாத்தான் கிரேன் அசையுது!”

பார்த்தாள். அவள் அனுப்பிய பைலட்டே வழியெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மனுஷனின் கட்டளைகள் வரிசையில் காத்துக் கிடந்தன. பைலட்டைக் குறைத்தாள், கிரேன் நகர்ந்தது. வீட்டிலும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

சாயங்காலம் நாத்தனாரைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையும் எடுத்துக் காட்டவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார், இதோ கேள்வி வரும் என்று. வரவில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கைவந்த கலை. தெருவில் ஏதோ வண்டி போனது, ஜன்னல் திரை அசைந்தது. கடைசியில் அவரே வாயைத் திறந்தார். நீளமாக, குழறிக் குழறி வந்தது. அவசரப்படாமல் கேட்டு, ஒவ்வொரு சொல்லாக நிமிர்த்தினாள்.

“நான் விழுந்த அன்னிக்கு நீ தனியா இருந்தியே... ரொம்பப் பயந்துட்டியா?”

ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் எல்லோரும் அவரைப் பற்றித்தான் விசாரித்தார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று அவளை ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவர் கேட்கத் தவித்திருக்கிறார். இவள் சீப்பைக் காட்டியிருக்கிறாள்.

“ஆமாங்க,” என்றாள். அதற்குமேல் குரல் உடைந்துபோயிற்று. வராத ஆம்புலன்ஸ், சில்லிட்ட அவர் கை, கண்ணைத் திறக்காமல் கிடந்த அந்த முகம், எல்லாம் அழுகையோடு கலந்து கொட்டியது. ஒரு சொல்லும் உருப்படியாக வரவில்லை.

அவர் நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் புரியல,” என்றார். “முதல்ல இருந்து சொல்லு. எனக்கு என்ன வேலை இருக்கு?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னாள்.