வாத்தியார் கழற்றச் சொன்ன மீட்டர்

தையல்காரம்மா நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், மாடி மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாலையில் தண்ணீர் மோட்டார் சுவிட்சைத் தட்டினாள். சத்தமே இல்லை.

"மதியம் கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க," என்றார் கணவர். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். எதற்கும் பதறமாட்டார். "மீட்டரைக் கழட்டணும், ஏணி இருக்கான்னு கேட்டாங்க. குடுத்தேன்."

"குடுத்தீங்களா?"

"பிடிச்சுக்கச் சொன்னாங்க. பிடிச்சேன்."

மதியம் வாங்கி வந்த நூல்கண்டுப் பையை அவள் எடுத்துத் தரையில் அடித்தாள். கண்டுகள் நாலு பக்கமும் உருண்டன.

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிச் சீருடை தைத்து, அந்தக் காசில் கட்டிய மாடி அது. கம்ப்யூட்டர் வாத்தியார் ஒருவர், மனைவி மகளோடு ஆறு வருடம் குடியிருந்து, போன வாரம்தான் காலி செய்திருந்தார். வந்த புதிதில், வேலைக்கு முகவரிச் சான்று வேண்டும், மீட்டர் என் பேரில் இருந்தால் போதும் என்று கெஞ்சினார். பாவம் என்று அவள்தான் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தாள். கீழ்வீட்டு லைனில் நாலு தையல் மிஷினும் இஸ்திரிப் பெட்டியும் ஓடியதால், மொத்த வீட்டுக்குமான தண்ணீர் மோட்டார் அந்த மாடி மீட்டரில்தான் இருந்தது. இது வாத்தியாருக்கும் தெரியும்.

போன் போட்டாள்.

"நான்தான்க்கா எழுதிக் குடுத்தேன்," என்றார் அவர், கூசாமல். "பழைய இணைப்பை முடிச்சாதான் புது வீட்டுல குடுப்பாங்களாம். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"கொடிக்கயித்தை மறக்காம அவுத்துட்டுப் போனீங்களே!"

மறுநாள் காலை, தெருக்குழாயிலிருந்து எட்டுக் குடம் சுமந்துவிட்டு, பஸ் ஏறி அவருடைய புது வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உள்ள வாங்கக்கா. அக்கம்பக்கத்துல கேக்கும்."

"கேக்கணும்னுதான் வெளியில நிக்கிறேன்." அதுவரை 'தம்பி' என்றே கூப்பிட்டவள், அன்று 'சார்' என்றாள். "வீட்டு ஓனர் எங்க சார்? உங்க பேருக்கு மீட்டரை மாத்திடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

மின்சார அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். பழைய இணைப்பு முடிந்தது முடிந்ததுதான். இனி புதிதாக விண்ணப்பம், வாத்தியாரின் சம்மதக் கடிதம், நேரில் வந்து சோதனை. ஒரு மாதம் ஆகும்.

"வீடு யாருதுங்க?" என்றாள்.

"உங்களுது."

"அப்போ கழட்டும்போது ஏன் என்னைக் கேக்கல?"

"கழட்ட ஓனர் தேவையில்லம்மா. மாட்டத்தான் ஓனர் வேணும்."

வாத்தியார் தலைகுனிந்து கடிதம் எழுதினார். அவளும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

"கத்தாத, பிரஷர் ஏறிடும்," என்றார் கணவர்.

"எனக்காவது பிரஷர் இருக்கு. குழாயில அதுவும் இல்ல!"

பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நூற்று நாற்பது உருப்படி பாக்கி. மறுநாள் முதல் பித்தான் தைக்க வேண்டிய சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, இரண்டு பெரிய கேன்களோடு அலுவலகத்துக்கே வந்தாள். அதிகாரி மேஜைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தைத்தாள். கிளம்பும்போது வராந்தாக் குடிநீர்க் குழாயில் கேன்களை நிரப்பினாள். வாத்தியாரை வரச்சொல்லி, பஸ் நிறுத்தம்வரை அவரைத் தூக்க வைத்தாள்.

நாலாம் நாள் அதிகாரி எழுந்து வந்தார். "இது ஆபீஸ் குழாய்ம்மா. வீட்டுக்கெல்லாம் எடுத்துட்டுப் போகக்கூடாது."

"என் குழாயை நீங்க அடைச்சீங்க. உங்க குழாயை நான் திறக்கிறேன். சம்மதக் கடிதம் வேணுமா? எழுதித் தரட்டுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு கிழவர், "எனக்கும் ரெண்டு மாசமாச்சு, ஒரு கேன் கொண்டாரேன்," என்றார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மேலதிகாரி வந்தார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். நாலு நாளாக அது நகராமல் கிடந்ததைக் கண்டு முகம் கறுத்தது. ஒரு மாதம் என்ற சோதனை மறுநாள் காலையே நடந்தது. பதினோராம் நாள், அவள் பேரில் புது மீட்டர் மாட்டினார்கள்.

ஆனால் இந்த அலைச்சலில் சீருடை நேரத்துக்கு முடியவில்லை. பள்ளி திறந்து நாலு நாள் கழித்துத்தான் கடைசிக் கட்டுப் போகும் என்று சொல்லியனுப்பினாள். தலைமையாசிரியை திட்டவில்லை, அடுத்த வருடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அன்று சாயங்காலம் வாத்தியார் கூப்பிட்டார்.

"தண்ணி வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சு."

"மனசே சரியில்லக்கா. கோபம் போயிடுச்சா?"

"இல்ல."

"எப்போ போகும்?"

"தெரியல சார். வேலை கிடக்கு, வைங்க."

போனை வைத்துவிட்டு, பித்தான் வைக்காத அடுத்த சட்டையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் முப்பத்தொன்று இருந்தன.