மைக்கில் முடிந்த நாவல்

பிலோமினா மிஸ் இறந்துபோன செய்தி எனக்குக் கைகூப்பும் பொம்மைகளாக வந்தது. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கைகள், அழுகிற முகங்கள், ஒரு வெள்ளை ரோஜா. போனது யார் என்று எழுத அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போனபோதுதான் பள்ளியின் பாட ஒருங்கிணைப்பாளர் அம்மாள் ஆங்கிலத்தில் போட்டிருந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. அதில் ஓர் எழுத்துப்பிழை. மிஸ் பார்த்திருந்தால், தான் இறந்ததை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் சுட்டிக்காட்டியிருப்பார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பள்ளியின் ஃப்ளெக்ஸ் எங்களுக்கு முன்பே போய் நின்றிருந்தது. ‘எங்கள் பள்ளியின் தூணே’ என்று போட்டு, மிஸ்ஸின் முகத்தைவிடப் பெரிதாகத் தாளாளரின் முகம். பங்குத்தந்தை ஜெபத்தை முடித்ததும் தாளாளர் மைக்கை வாங்கினார். “டெடிகேஷன், பேஷன், கமிட்மென்ட். இந்த மூணும் சேந்தாதான் பிலோமினா டீச்சர்” என்றார். பிறகு கைபேசியைப் பார்த்தார். பிறகு கிளம்பிவிட்டார். அந்தத் தூணைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே போட்டவர் அவர்தான் என்பது அங்கே நின்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினார்கள்.

மிஸ்ஸை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இனிப்பான வார்த்தைகளுக்கு ஃப்ளெக்ஸ் இருக்கிறது. நடந்ததற்கு நான் இருக்கிறேன்.

எங்கள் பள்ளி மாநில எல்லையில், ஜூஜுவாடிப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. லாரிச் சத்தத்தில் பாதிப் பாடம் போய்விடும். தாளாளர் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை நடத்தியவர். கூழில் சம்பாதித்துவிட்டுக் கல்விக்கு வந்தார். வரும்போது ஆலையின் பேச்சையும் கூடவே கொண்டுவந்தார். ஆசிரியர் கூட்டத்தில் “இந்த மாசம் அவுட்புட் எப்படி?” என்றுதான் தொடங்குவார். பெங்களூரில் ஏதோ ஒரு நிறுவனத்தைப் பிடித்து ‘தினம் ஐந்து சொல்’ என்று ஒரு திட்டத்தை வாங்கி வந்ததும் அவர்தான். தினமும் ஐந்து ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்குப் பொருள், வாரக் கடைசியில் தேர்வு, பிள்ளைக்குச் சான்றிதழ். பெற்றோருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிள்ளை ‘மேக்னிஃபிசன்ட்’ என்று வீட்டில் சொன்னால் போதும், கொடுத்த பணத்துக்குச் சரக்கு வந்துவிட்டது என்று நிம்மதி.

நான் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன், பிலோமினா மிஸ் எட்டாம் வகுப்புக்கு. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் அன்பானவர் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பொய். அவருக்கு யாரையும் எளிதில் பிடிக்காது. என்னையே முதல் வருடம் முழுக்கத் தாங்கிக்கொண்டுதான் இருந்தார். “கீதா, உங்க பேச்சிலேர்ந்து அந்த ‘ஆக்சுவலி’ய எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்குது?” என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். அன்று கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லும் வாயில் வரவில்லை.

சொல் திட்டத்தைப் பற்றி அவர் சொன்னது இதுதான்: “சொல்லுக்கு வீடு வேணும். வீடு இல்லாத சொல்ல மனப்பாடம் பண்ணா, அது பரிட்சை முடிஞ்ச அன்னைக்கே ஓடிப்போயிரும்.” அதனால் அவர் தன் வகுப்பில் ஒரு நாவலை எடுத்துக்கொண்டார். மெல்லிய புத்தகம், பிரபலமானதல்ல. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரே ஒரு பிரதி. தினமும் வகுப்பின் கடைசிப் பகுதியில் சில பக்கங்களை வாசிப்பார். அந்தப் பக்கங்களில் வருகிற ஒரே ஒரு சொல்லைப் பலகையில் எழுதுவார். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, சிலர் கன்னடம், மீதி மதுரை, திருநெல்வேலியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பத்துத் தமிழ். “இத உங்க வீட்ல எப்படிச் சொல்லுவாங்க?” என்று ஒவ்வொரு மொழியிலும் கேட்ட பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போவார்.

கதை ஒரு மலையூரில் நடக்கிறது. அங்கே ஒரு கம்பளி ஆலை. மார்த்தா என்ற சிறுமியின் அப்பா அதில் வேலை செய்கிறார். ஒருநாள் வாசலில் நோட்டீஸ் ஒட்டி ஆலையை மூடிவிடுகிறார்கள். வேலை தேடிப் போன அப்பாவிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. மார்த்தா அவரைத் தேடிப் புறப்படுகிறாள். அவ்வளவுதான்.

ஆலை மூடுகிற அத்தியாயம் வந்த அன்று பலகையில் இருந்த சொல் ‘ரெட்ரெஞ்ச்மென்ட்’. ஆட்குறைப்பு. நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். நடுவில் மரத் தடுப்புதான், எல்லாம் காதில் விழும். முனிலட்சுமி என்ற பெண் எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

“மிஸ், எங்கப்பாவயும் இப்படித்தான் நிறுத்துனாங்க. ஆனா கேட்ல நோட்டீஸ்லாம் ஒட்டல மிஸ். காண்ட்ராக்ட்காரரு போன் பண்ணி ‘நாளைலேர்ந்து வராதே’ன்னாரு. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன மிஸ்?”

 மிஸ் சாக்கட்டியைக் கீழே வைத்தார். “அதுக்கும் இதே சொல்லுதாம்மா. நோட்டீஸ் ஒட்டுனா, நிறுத்துறவனுக்கு ஆளுங்க மேல கொஞ்சம் மரியாத இருக்குதுன்னு அர்த்தம். உங்கப்பாகிட்ட அதுவும் காட்டல” என்றார்.

அதே வகுப்பில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவு மேலாளருடைய மகளும் இருந்தாள். அவள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அழகான ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள்: நீங்களும் ஆட்களைப் போனில்தான் நிறுத்துவீர்களா?  மறுநாள் காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவர் காரில் வந்து இறங்கிவிட்டார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

“வொக்காபுலரி சொல்லிக்குடுங்க மேடம். இங்க யூனியன் நடத்தாதீங்க” என்றார், தாளாளர் அறையில்.

மிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்க பொண்ணு வீட்ல ஒரு கேள்விய முழுசா இங்கிலீஷ்ல கேட்டிருக்கா. அதுக்குத்தானே சார் இங்க சேத்தீங்க? இப்ப பதில் தெரியலன்னா நான் என்ன பண்றது?”

நாவல் அன்றே நின்றது. இனி எட்டாம் வகுப்பில் நிறுவனம் கொடுத்த ஐந்து சொற்கள் மட்டும் என்று தாளாளர் உத்தரவு போட்டார். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். முழு ஆண்டும் அவர் பூட்டிய ஒரே புத்தகம் அதுதான். திறந்த புத்தகம் ஒன்றுமில்லை. ஆசிரியர் அறையில் மிஸ் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவருக்கு வந்த கண்டம் தங்களுக்கும் தொற்றிவிடும் என்பதுபோல டிபன் டப்பாக்களை எடுத்துக்கொண்டு மறுபக்கம் நகர்ந்தார்கள். இப்போது குழுவில் வெள்ளை ரோஜா போடுகிறவர்கள் அவர்கள்தான்.

பிள்ளைகள் விடவில்லை. “மிஸ், மார்த்தா அப்பாவக் கண்டுபிடிச்சாளா இல்லயா? அத மட்டும் சொல்லிருங்க மிஸ்” என்று தினமும் கேட்டார்கள். “சொல்லக் கூடாதுன்னு உத்தரவு” என்றார் அவர். “ஆனா வாக்கியம் எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல.”

திட்டத்தில் ஒரு விதி இருந்தது. தினமும் காலைக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மைக்கில் வந்து, அன்றைய ஐந்து சொற்களையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். பள்ளியின் தரம் பெற்றோருக்கு வாசல்வரை கேட்க வேண்டும் என்பதற்காகத் தாளாளரே போட்ட விதி. அந்த வாரத்திலிருந்து மாதிரி வாக்கியங்களில் மார்த்தா வரத் தொடங்கினாள்.

சொற்களை மிஸ் தேர்ந்தெடுக்க முடியாது. அவற்றைப் பெங்களூர்க்காரன் எந்தத் தொடர்பும் இல்லாமல் அள்ளிப் போட்டிருந்தான். ஒருநாள் ‘பிரமிட்’ வந்தது. கம்பளி ஆலைக் கதையில் பிரமிடுக்கு எங்கே போவது? காலையில் முனிலட்சுமி மைக்கில் சொன்னாள்: மார்த்தா எட்டிப் பார்த்தபோது வழியில் இருந்த ஓர் ஆலைக்குள் நூற்கண்டுகள் பிரமிடுபோல அடுக்கப்பட்டிருந்தன, ஆனால் அவற்றின் அருகே அப்பா இல்லை. பிறகு ‘கிளேசியர்’, ‘லூப்ரிகேட்’, ‘ஜிராஃப்’. ஜிராஃபையும் மிஸ் விடவில்லை. மார்த்தா சுவர்மேல் ஜிராஃப்போலக் கழுத்தை நீட்டி அடுத்த ஊரின் புகைபோக்கியைப் பார்த்தாள்.

கூட்டம் மாறிப்போனது. அதுவரை முன்னால் நிற்பவன் சட்டையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் மைக்கைப் பார்த்து நின்றார்கள். என் ஆறாம் வகுப்பினர் புரியாத சொல்லை என்னிடம் துரத்தித் துரத்திக் கேட்டார்கள். லாரி ஹாரன் அடித்தால் “ச்சே” என்று வரிசை வரிசையாகச் சலித்துக்கொண்டார்கள். வேன் ஓட்டுகிற அண்ணன்கூட ஒருநாள் என்னை நிறுத்தி, “ஏம் மிஸ், எங்க பாப்பா தினமும் சொல்லுது. அந்தப் பொண்ணு அவங்கப்பன கண்டுபுடிச்சிச்சா?” என்று கேட்டார்.

இதெல்லாம் மேடையில் நின்றிருந்த இருவருக்கு மட்டும் தெரியவில்லை. தாளாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் உச்சரிப்பைக் கவனித்து அட்டையில் மதிப்பெண் போட்டார். பெற்றோர் கூட்டத்தில் “எங்க பசங்களோட சென்டென்ஸ் குவாலிட்டிய பாருங்க” என்று தாளாளர் பெருமை பேசினார். ஒரு கதையைத் தடை செய்தவர் அதே கதையை வாரக்கணக்கில் வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு மைக் வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம்.

கதை முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைய கடைசிச் சொல் ‘சஃபிஷியன்ட்’, போதுமானது. மார்த்தா அப்பாவை வேறொரு ஆலையின் வாசல் காவலாளியாகக் கண்டுபிடித்திருந்தாள். வெட்கத்தால் அவர் வீட்டுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பாமல் இருந்திருக்கிறார். முனிலட்சுமி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: மன்னித்துவிட்டேன் என்று மார்த்தா சொல்லவில்லை, ஆனால் அவள் பையில் இருந்த ரொட்டி இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

 பள்ளி முழுவதும் கைதட்டியது. எல்லோரும் தட்டுகிறார்களே என்று தாளாளரும் தட்டினார். முனிலட்சுமி தட்டவில்லை, வரிசைக்குத் திரும்பி வந்து முகத்தை மூடிக்கொண்டாள். மிஸ் அவள் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை. மணி அடிக்கும்வரை நின்றார்.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை கைதட்டல் என்று தாளாளர் கேட்கப்போய், யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மதியம் மிஸ்ஸைக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன். என்னை வெளியே அனுப்பும் அளவுக்குக்கூட அவருக்கு நிதானம் இல்லை.

“நான் நிறுத்தச் சொன்ன கதைய என் மைக்லயே ஓட்டிருக்கீங்க!”

“நீங்க மேடையிலதான் சார் நின்னீங்க. கேக்கலயா?”

அவர் முகம் கூழ் நிறத்துக்குப் போனது.  கேட்டேன் என்றால் முட்டாள், கேட்கவில்லை என்றால் அதைவிட முட்டாள். அடுத்த வாரமே மிஸ்ஸிடமிருந்து வகுப்பைப் பறித்து, காலையும் மாலையும் வேன்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஆண்டு முடியும்வரை வெயிலில் நின்று அதையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ராஜினாமாவை எழுதிக் கொடுத்தார். வழியனுப்பும் டீயைக்கூடக் குடிக்கவில்லை. “சூடும் இல்ல, சர்க்கரையும் இல்ல. உங்க பாராட்டு மாதிரியே இருக்குது” என்று வைத்துவிட்டுப் போனார்.

நானும் அடுத்த வருடம் வேறு பள்ளிக்கு மாறினேன். அவர் தொழிலாளர் பெண்கள் தங்கும் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். சிறுநீரகம் கெட்ட பிறகும் போனார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, கட்டிலருகே ஒரு பழக்கூடை இருந்தது. தாளாளர் அனுப்பியது. அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சடித்த வாழ்த்து அட்டை.

“அத நர்ஸ் பொண்ணுங்களுக்குக் குடுத்துரு கீதா. ஆப்பிள் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல” என்றார். அட்டையை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, “கையெழுத்துகூட ரப்பர் ஸ்டாம்ப்” என்று சிரித்தார். சிரிக்க மூச்சு பற்றவில்லை, இருந்தும் சிரித்தார்.

கல்லறைத் தோட்டத்தில் முனிலட்சுமியைப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடே வந்திருந்தாள். தாளாளர் மைக்கை வைத்ததும் என் பக்கம் சாய்ந்து, “மூணு வார்த்த சொன்னாரு மிஸ். ஒரு வாக்கியம்கூட வரல” என்றாள். அன்று முழுவதும் அங்கே சொல்லப்பட்ட ஒரே உருப்படியான இரங்கலுரை அதுதான்.

இந்த ஜூனில் என் இப்போதைய பள்ளிக்கும் ஒரு நிறுவனத்து ஆள் மடிக்கணினியோடு வந்தார். தினமும் பத்துச் சொற்களாம். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். “எனி டவுட்ஸ், மேடம்?” என்றார் அந்த ஆள் என்னைப் பார்த்து.

“இதெல்லாம் எந்தக் கதையிலேர்ந்து எடுத்தீங்க?”

“கதையா? இது லிஸ்ட் மேடம்.”

 நான் அவரை, மிஸ் பார்ப்பதுபோல, மேலும் கீழும் பார்த்தேன். அவர் அடுத்த படத்துக்குப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மடிக்கணினியை மூடத் தொடங்கினார். பிலோமினா மிஸ் மற்றவர்களுக்கு அர்ப்பணிப்பையும் அன்பையும் விட்டுச் சென்றிருக்கலாம்; அவரவர் ஃப்ளெக்ஸில் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு வந்தது அவருடைய ஏளனம். அதை நான் ஒரு நாளும் துருப்பிடிக்க விடமாட்டேன்.